வெண்டெலின் முதுகு

சாயங்காலச் சாப்பாடு முடிந்து தட்டுகள் உள்ளே போனதும் லினெட் மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு பழைய ஒட்டுப்போர்வையை விரிப்பாள். அதுவரை இறைச்சியும் பீன்ஸும் இருந்த இடத்தில் அவள் கணவன் வெண்டெல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொள்வான். ஆள் ஆறடிக்கு மேல். தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர்களுடைய கிழட்டு நாய் டியூக், ஏதாவது சிந்தும் என்ற நம்பிக்கையோடு மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு பெரிய பண்டத்தை மேலே வைத்துவிட்டு ஒரு துணுக்குக்கூடப் போடாதவர்களைப் பற்றி அது என்ன நினைத்ததோ தெரியவில்லை.

"ஆரம்பிக்கலாமா டாக்டர்?"

"நோயாளி பேசக்கூடாது."

"நோயாளிக்கு ஏப்பம் வருது. அதுவும் கூடாதா?"

"வெண்டெல், வாயை மூடு."

லினெட் ப்ரூவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வடக்குக் கோடியில், சோயாவும் சோளமும் மாடுகளுமாக இருந்த ஒரு சின்ன ஊருக்கு ஒரே டாக்டர். ஆஸ்டியோபதி படித்தவள். அந்தப் படிப்பு பிறந்ததே அந்தப் பக்கத்தில்தான் என்பதால் அங்கே யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. மற்ற டாக்டர்கள் செய்வதை எல்லாம் ஆஸ்டியோபதி டாக்டர்களும் செய்வார்கள். மருந்து எழுதுவார்கள், பிரசவம் பார்ப்பார்கள், அறுவை சிகிச்சை செய்வார்கள். அதற்கு மேல், வெறும் கையால் தொட்டுப் பார்த்து எலும்பிலும் தசையிலும் இருக்கும் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும். லினெட் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கல்லூரியில் அவள் கை நல்ல கை என்று பெயர் வாங்கியவள். ஊருக்கு வந்த பிறகு அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. காத்திருப்போர் அறை எப்போதும் நிரம்பி வழியும். முதுகு வலி என்று வந்தவரைப் படுக்க வைத்து அரைமணி நேரம் பார்ப்பதற்குள் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறிவிடும். ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தால் அவரும் சந்தோஷமாகப் போவார். இப்படியே ஒரு வாழ்நாள் ஓடிவிட்டது என்றால் யாரைக் குறை சொல்வது?

குடும்ப மருத்துவத்தில் தேர்ந்தவள் என்று தேர்வு வாரியம் தந்திருந்த போர்டு சான்றிதழுக்கு ஆயுள் முடிந்து, புதுப்பிக்க வேண்டிய வேளை வந்தது. எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிட்டாள். செய்முறைத் தேர்வில், போன இலையுதிர் காலத்தில், ஃபெயில். "அந்தம்மா கை வெச்ச உடனேயே கிளம்பப் பாக்குது," என்று தேர்வாளர் ஒருவர் சொன்னதாகப் பிறகு அவள் காதுக்கு வந்தது. வசந்தத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் போனால் சான்றிதழ் போய்விடும். பக்கத்து நகரத்து மருத்துவமனையில் அவள் தன் நோயாளிகளைச் சேர்க்க முடியாது. அங்கே போர்டு சான்றிதழ் இல்லாத டாக்டருக்கு இடமில்லை என்று புதிதாக விதி போட்டிருந்தார்கள். அவளுடைய கிளினிக்கை நடத்துவதும் அதே மருத்துவமனைதான். சான்றிதழ் இல்லாத ஒரு டாக்டருக்காக ஒரு கட்டடத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கணப்புப் போட்டுக்கொண்டிருக்க அவர்கள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. கிளினிக் மூடினால் ஊர் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய்த்தான் இருமலைக் காட்ட வேண்டும்.

ஃபெயிலாகி வீடு வந்த அன்று, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் லினெட் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வெண்டெல் காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு, "என் முதுகை எடுத்துக்கோ," என்றான்.

"எதுக்கு?"

"பழகறதுக்கு. கோணலான முதுகுதானே வேணும்? ஊர்லயே ரொம்பக் கோணல் என்னோடதுதான்."

அது உண்மை. இளவயதில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தவன். வலது இடுப்பு ஏறிக்கொண்டு, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வான். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தாலும் அந்தச் சாய்வை வைத்தே "வெண்டெல் வரான்" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

"வலிக்குதுன்னு நீ ஒரு நாள்கூட என்கிட்ட சொன்னதில்லையே."

வெண்டெல் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை ஆராய்ந்தான். "சொல்லியிருக்கேன். உன்கிட்ட இல்ல."

"பின்னே யார்கிட்ட?"

"பக்கத்து மாவட்டத்துல ஒரு கைரோபிராக்டர் இருக்கான்."

ஆஸ்டியோபதி டாக்டரின் புருஷன் முதுகைத் தூக்கிக்கொண்டு, முதுகெலும்பைச் சொடுக்கெடுப்பதே தொழிலான கைரோபிராக்டரிடம் போவது என்றால், பலகாரக் கடைக்காரன் பெண்டாட்டி எதிர்க்கடையில் ஜிலேபி வாங்குவது போலத்தான். அதுவும் வருஷக்கணக்கில். லினெட்டுக்குப் பரீட்சை மறந்து போயிற்று.

"அவன்கிட்டயா! எலும்பை முறுக்கறவன்கிட்டயா!"

"நீ பிசியா இருந்தே, லின்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னான். அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது. அன்று சாயங்காலமே போர்வை மேஜைக்கு வந்துவிட்டது.

அறுவடை முடிந்து வயல்கள் சும்மா கிடந்த காலம். மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வெண்டெல் சரியான நேரத்துக்கு வந்துவிடுவான். லினெட்டும் கிளினிக்கை ஆறு மணிக்குப் பூட்டக் கற்றுக்கொண்டாள். தேர்வில் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதால், வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழகினாள். "வலது இடுப்பெலும்பு மேலே ஏறி முன்னாலே சுழன்றிருக்கு. இங்கே தசை இறுகியிருக்கு. இங்கே அமுக்கினா வலிக்கும். வலிக்குதா?"

"ஆ!" என்பான் வெண்டெல்.

பிறகு சிகிச்சை. நோயாளி காலால் தள்ள வேண்டும், டாக்டர் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்ததும் இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோக வேண்டும். மறுபடி தள்ளல், மறுபடி பிடித்தல். "இதைத்தானே கல்யாணம் ஆனதுலேர்ந்து பண்ணிட்டிருக்கோம், இதுக்கு எதுக்குப் பரீட்சை?" என்று குப்புறப் படுத்தபடியே வெண்டெல் கேட்பான். அவள் அவன் தொடையில் ஒன்று வைப்பாள்.

டிசம்பர் வந்தது, பனி கொட்டியது, ஜனவரியும் வந்தது. லினெட்டின் வாய்ப்பாடம் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. ஒரு சொல் தடுக்குவதில்லை. வெண்டெலின் "ஆ"வும் ஒருநாள் தவறுவதில்லை.

கிளினிக்கில் அவளுடைய நர்ஸ் டாட்டிக்கு எல்லோர் விஷயமும் தெரியும். தெரியாதது இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரைத் தீவனக் கடையில பாத்தேன் டாக்டர். கொடிக்கம்பம் மாதிரி நேரா நிக்கறார். நான் யாரோன்னு நெனச்சுட்டேன்," என்றாள்.

லினெட் யாருடைய ரத்தப் பரிசோதனையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "புது பூட்ஸ் வாங்கியிருக்கார், டாட்டி."

"என் புருஷனுக்கும் அந்தக் கடை எதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

லினெட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது பூட்ஸ் என்று அவளிடம் சொன்னதும் வெண்டெல்தான்.

பரீட்சை கான்சஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் பெரிய கூடத்தில் நடந்தது. கல்யாண விருந்துகளுக்கான தொங்கும் விளக்குகளுக்குக் கீழே மடக்குக் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. தலை நரைத்த டாக்டர்களும் இப்போதுதான் மீசை முளைத்த டாக்டர்களும் அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்து நின்றார்கள். இந்தத் தேர்வில் நோயாளிக்கு வெளியே போக வேண்டாம். தேர்வு எழுத வந்தவர்களையே இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவார்கள். முதலில் ஒருவர் டாக்டர், மற்றவர் நோயாளி. பிறகு மாறிக்கொள்ள வேண்டும். நோயாளியாகப் படுத்திருப்பவர் உதவி செய்யக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது, முனகக்கூடாது. டாக்டர் தள்ளச் சொன்னால் தள்ளலாம், மற்றபடி மரக்கட்டை மாதிரி கிடக்க வேண்டும்.

லினெட்டுக்கு ஜோடியாக வாய்த்தவர் எமெட் சோரெல் என்ற ஓக்லஹோமாக்காரர். குண்டு மனிதர், பயத்தில் உதடு வெளுத்திருந்தது. "எனக்கு இது மூணாவது தடவை," என்று காதோடு சொன்னார். "எனக்கு ரெண்டாவது. நீங்க எனக்கு சீனியர்," என்றாள் லினெட். அவருக்குச் சிரிப்பு வந்து, வெளுத்த உதட்டுக்குக் கொஞ்சம் ரத்தமும் திரும்பியது.

தேர்வாளராக நின்றது டாக்டர் ஹேச்சர் என்ற அம்மாள். முகத்தைப் பார்த்தால் சிரிப்பதை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் என்று தோன்றியது. முதலில் சோரெல்தான் டாக்டர். கழுத்து வலிக்காரி என்று கேஸ். லினெட் மல்லாந்து படுத்தாள். சோரெலின் கை ஜில்லென்றிருந்தது. ஆனாலும் தன் தலையை இன்னொருவர் கை தாங்கிக்கொண்டதும் அவளுக்கு என்னவோ ஆயிற்று. எத்தனையோ பேரைத் தொட்டுப் பார்த்தவள், தன்னை யாராவது இப்படித் தொட்டுப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாள். அந்தத் தொங்கும் விளக்கு கண்ணில் கலங்கித் தெரிந்தது. மரக்கட்டை அழக்கூடாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அவள் முறை. கேஸ், இடுப்பு வலியோடு வந்த ஐம்பது வயது ஆண். லினெட்டின் மனம் துள்ளியது. இது வெண்டெலேதான்! சோரெல் குப்புறப் படுத்தார். அவள் கையை வைத்தாள், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வலது இடுப்பெலும்பு மேலே ஏறி முன்னாலே சுழன்றிருக்கு. இங்கே தசை இறுகியிருக்கு. இங்கே அமுக்கினா வலிக்கும்."

அமுக்கினாள். நிறுத்தினாள். அவள் காது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

ஒன்றும் வரவில்லை. சோரெல் விதிப்படி மரக்கட்டையாகக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்களின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில், பல மாதங்களில் முதல் தடவையாக, லினெட்டின் விரல்கள் கீழே இருப்பதைக் கவனித்தன. வலது பக்கம் மெத்தென்று இருந்தது. இறுக்கம் எதுவும் இல்லை. இந்த மனிதரின் கோளாறு இடது பக்கம், அதுவும் இன்னும் ஒரு சாண் மேலே.

இதுவரை அவள் சொன்னது எல்லாம் வெண்டெலின் முதுகு. அப்படியே மேலே போகலாம். சொல்லும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். நிறுத்தினால் நேரம் போகும், சான்றிதழும் போகும். டாக்டர் ஹேச்சரின் பேனா காகிதத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது.

லினெட் கையை எடுத்தாள். "மன்னிக்கணும் டாக்டர். நான் சொன்னது இவரோட முதுகு இல்ல."

"பின்னே யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது. பழகிப் பழகி அது கையிலயே ஒட்டிக்கிச்சு. இவரை நான் இன்னும் தொட்டே பாக்கல. முதல்லேர்ந்து பாக்கறேன்."

கட்டிலில் கிடந்த மரக்கட்டை லேசாகக் குலுங்கியது. டாக்டர் ஹேச்சரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நேரம் ஓடிட்டிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

லினெட் மறுபடி கை வைத்தாள். இந்தத் தடவை வாய்க்கு முதலில் வேலை கொடுக்கவில்லை. விரல் சொன்ன பிறகு வாய் சொன்னது. இடது பக்கத்துக்குச் சிகிச்சை செய்து, சரியாயிற்றா என்று கடைசியாகச் சோதிக்கக் கை வைக்கும்போது மணி அடித்துவிட்டது. சோரெல் எழுந்து உட்கார்ந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, "நெஜமாவே சொல்றேன், தேவலையா இருக்கு," என்றார். தேர்வு முடிந்த பிறகு மரக்கட்டை பேசி என்ன பயன்?

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் லினெட் கிளினிக்கை மனதுக்குள் காலி செய்துகொண்டே வந்தாள். டாட்டிக்கு வேலை எங்கே கிடைக்கும்? எந்தக் கிழவிக்கு யார் கார் ஓட்டுவார்கள்? வீட்டில் வெண்டெல் அவளுக்காக இறைச்சி வாட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்தால் மாடு இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"கையை வெச்சதும் உன் முதுகுதான் வந்துது, வெண்டெல். அந்த ஆளோட முதுகு கண்ணு முன்னாலே கெடக்கு, நான் உன்னோடதை ஒப்பிச்சிட்டிருக்கேன். நீ கத்துவேன்னு காத்துட்டு நின்னேன். வெக்கமாயிருக்கு."

அவள் சிரிப்பை எதிர்பார்த்தாள். வெண்டெல் சிரிக்கவில்லை. எழுந்து தட்டுகளை எடுத்தான், மேஜையைத் துடைத்தான், போர்வையை விரித்தான், ஏறிக் குப்புறப் படுத்தான்.

"பரீட்சை முடிஞ்சு போச்சு, எழுந்திரு."

"பாரு, லின். ஒப்பிக்காம பாரு."

அவள் கை வைத்தாள். முதலில் வலது இடுப்பு. பிறகு இடது. இரண்டு கட்டைவிரலையும் ஒரே மட்டத்தில் வைத்துக் குனிந்து பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். கோணல் இல்லை. இறுக்கம் இல்லை. இருபது வயதுப் பையனுடையதைப் போல முதுகு சமமாகக் கிடந்தது. டாட்டி சொன்ன கொடிக்கம்பம் இப்போதுதான் அவள் காதில் ஏறியது.

"எப்போலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ் மரத்தை வெளியில எடுத்துப் போட்டமே, அப்போலேர்ந்து," என்றான் வெண்டெல் தரையைப் பார்த்தபடி. "குனிஞ்சு தூக்கினேன். வலிக்கல. நீ சரி பண்ணிட்டே."

"அப்போ தினமும் ஆ ஆன்னு கத்தினது?"

"நீ வலிக்குதான்னு கேட்டே."

"அதுக்கு? வலிக்கலைன்னு சொல்றது!"

"சொன்னா நீ போர்வையை மடிச்சு வெச்சுடுவியே." அவன் இன்னும் திரும்பவில்லை. "இத்தனை வருஷத்துல சாயங்காலம் நீ வீட்டுல இருந்ததில்ல, லின். இருந்தாலும் போன் அடிக்கும். உன் கை என் முதுகுல இருக்கறப்போ போன் அடிச்சா நீ எடுக்கல. ரெண்டு தடவை அடிச்சுது, ரெண்டு தடவையும் எடுக்கல. எனக்கு அது போதும்னு இருந்துது. பரீட்சைக்குக் கெடுதல்னு தோணவே இல்ல. நான் மடையன்."

லினெட்டுக்கு அவனை அந்தக் கனத்த இரும்பு வாணலியால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு கிடக்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரு டாக்டராக அவளுக்கு அவமானம். குணமான முதுகில் மாதக்கணக்காக நோயைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு பெண்டாட்டியாக அவளுக்கு வந்தது வேறு. தன் கையை ஒருவன் இவ்வளவு விரும்பியிருக்கிறான், அதைக் கேட்க வழி தெரியாமல் இல்லாத வலிக்குக் கத்தியிருக்கிறான்.

"மாட்டுக் கொட்டகையில போய்ப் படு," என்றாள்.

"சரி டாக்டர்," என்று எழுந்து போனான். உண்மையிலேயே போய்விட்டான். அவள்தான் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

பரீட்சை முடிவு வந்தபோது விதைப்புக் காலம் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் முதலில் பார்த்தது டாட்டிதான். காத்திருப்போர் அறையில் அத்தனை பேர் முன்னாலும், "பாஸ்! நம்ம டாக்டர் பாஸ்!" என்று கூவினாள். காய்ச்சல்காரர்கள் கை தட்டினார்கள். ஏன் பாஸ் போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கான்சஸ் சிட்டிக் கூடமும் பேனாவும் மணியும் லினெட்டின் மனதில் வந்து போயின. கிளம்பப் பார்க்காத கையை டாக்டர் ஹேச்சர் பார்த்திருக்க வேண்டும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். சோரெலும் பாஸ் என்று அன்று மத்தியானமே போனில் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார்.

விதைப்புக் காலத்தில் இருட்டும்வரை எந்த விவசாயியும் வயலை விட்டு வரமாட்டான். வெண்டெல் ஆறு மணிக்கு வந்து நின்றான். சாப்பாடு ஆயிற்று. தட்டுகள் போயின. இனி எந்தக் காரணமும் இல்லாததால் இருவரும் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டியூக் கூட மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

லினெட் எழுந்து போர்வையை விரித்தாள். வெண்டெல் ஆசையோடு எழுந்தான்.

"நீ இல்ல," என்றாள். "பரீட்சையில ஆளை மாத்திப்பாங்க. இப்போ நீ டாக்டர்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறிக் குப்புறப் படுத்தாள். வெண்டெல் கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்தது போதாமல் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். கன்றுகளையும் டிராக்டரையும் தவிர வேறெதையும் பழுது பார்க்காத அந்தக் கை, ரொம்ப நேரம் யோசித்து, அவள் தோள்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த கை அங்கேயே இருந்தது.

"வலது இடுப்பெலும்பு மேலே ஏறி முன்னாலே சுழன்றிருக்கு," என்று கம்பீரமாக ஆரம்பித்தான்.

"அது தோள், வெண்டெல்."

"நோயாளி பேசக்கூடாது." கை கொஞ்சம் நகர்ந்து, கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் நின்று, தயங்கி அமுக்கியது. "இங்கே வலிக்குதா?"

உள் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. டியூக் காதைத் தூக்கிவிட்டு மறுபடி தொங்கப்போட்டுக்கொண்டது. லினெட்டுக்கு அந்த இடத்தில் கொஞ்சமும் வலிக்கவில்லை.

"ஆ!" என்றாள்.